ஞாயிற்றுக்கிழமை ரேடியோ: திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு விசேஷங்களில் "அப்பல்லாம் ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில்..." என்று நான் வாயைத் திறந்தாலே பாதிப் பேர் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நகராமல் உட்கார்ந்திருக்கும் அக்கா பிள்ளைகளும், ஆபீசில் என்னைவிட முப்பது வயது இளைய நண்பர்களும் கேட்பது எப்போதும் அதே பத்துப் பதினைந்து சந்தேகங்கள்தான். ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து சொல்லி அலுத்துப்போனதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"ஒரு நாள் முழுக்கக் கேக்கற அளவுக்கு அதுல அப்படி என்னதான் இருந்துச்சு?"

எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. விடியற்காலையில் ஆகாசவாணியின் அடையாள இசை, அதன்பின் வந்தே மாதரம், நாதஸ்வரத்தில் மங்கள இசை, பக்திப் பாடல்கள். 6.55-க்கு சம்ஸ்கிருதச் செய்தி, 7.15-க்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. அப்புறம் கர்நாடக இசை, சிறுவர் நிகழ்ச்சி, மதியம் சாப்பிட்டு முடித்து ஒலிச்சித்திரம், சாயங்காலம் 6.30-க்கு மாநிலச் செய்திகள், விவசாயிகளுக்கான நிகழ்ச்சி, ராத்திரி ஓர் உரையோ நாடகமோ, 9 மணிக்கு ஆங்கிலச் செய்தி. சில வாரம் கிரிக்கெட் இதையெல்லாம் தள்ளிவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்ளும்.

செய்தி நேரங்களைத் தவிர மற்றவை நிலையத்துக்கு நிலையம் மாறும், வருஷத்துக்கு வருஷமும் மாறும். உங்கள் அம்மா வேறு நேரம் சொன்னால் அதுவும் சரியாகவே இருக்கும், என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

"எந்த வருஷத்தைச் சொல்றீங்க?"

எனக்கு நினைவிருப்பது 1970-களின் நடுவிலிருந்து 1980-களின் நடுவரை. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம், தாத்தா வீட்டு வால்வு ரேடியோ, பிற்பாடு அப்பாவின் டிரான்சிஸ்டர். நாங்கள் கேட்டது பெரும்பாலும் திருச்சி நிலையம். 1939-ல் தொடங்கியது அது, சென்னை நிலையம் அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1938-ல். திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி எல்லாம் 1960-களில் வந்தவை. டெல்டாவில் திருச்சியைத் திருப்பினால்தான் அலறாமல் இரையாமல் தெளிவாக வரும், மற்றபடி வேறு விசுவாசம் எதுவும் கிடையாது.

"ரேடியோவை ஆன் பண்ண அரை நிமிஷம் ஆகுமாமே, நிஜமா?"

நிஜம். வால்வு சூடாக வேண்டும். குமிழைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம், டயலுக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரியும், கொஞ்ச நேரம் வெறும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல், பிறகு கிணற்றுக்குள்ளிருந்து ஒருவர் பேசிக்கொண்டே மேலே ஏறி வருவதுபோலக் குரல் மெல்லப் பெரிதாகும். அதனால் கேட்க வேண்டிய நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்பே தாத்தா குமிழைத் திருகிவிடுவார். வேறு யாரும் தொடக்கூடாது. மேலே பூத்தையல் போட்ட ஒரு துணி உறை, கூரையில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் கட்டிய வலைப்பட்டை ஏரியல், இடி இடித்தால் பாய்ந்துபோய் அதைக் கழற்றிவிட ஓர் ஆள் (பெரும்பாலும் நான்).

டிரான்சிஸ்டர் வந்ததும் காத்திருப்பு போய்விட்டது, கவலை பேட்டரிக்கு மாறியது. குரல் கம்மத் தொடங்கினால் கட்டைகளைக் கழற்றித் திண்ணை வெயிலில் காயவைப்போம், எப்படியோ இன்னும் இரண்டு நாள் ஓடும். தோல் உறை போட்ட அந்தப் பெட்டியை அப்பா சலூனுக்குக்கூடத் தோளில் மாட்டிக்கொண்டு போவார்.

"காலைல வர்ற அந்த ட்யூன், யாரோ வெள்ளைக்காரர் போட்டதாமே?"

ஆமாம். வால்டர் காஃப்மன். இன்றைய செக் குடியரசுப் பகுதியில் பிறந்த யூதர், ஹிட்லர் காலத்தில் ஐரோப்பாவை விட்டு வந்து பம்பாய் வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவில் வேலை பார்த்தவர். சிவரஞ்சனி ராகத்தின் சாயலில், பின்னால் தம்பூரா சுருதி கேட்க, வயலின் மேலே எழும். அதை ஒரு வெளிநாட்டுக்காரர் அமைத்தார் என்று முதன்முதலில் படித்தபோது நான் நம்பவில்லை, விடியற்காலை சாணம் தெளித்த வாசலின் வாசனையோடு சேர்த்துத்தான் எனக்கு அது ஞாபகம்.

"சம்ஸ்கிருதச் செய்தியை யார் கேப்பாங்க? உங்களுக்குப் புரியுமா?"

ஒரு வார்த்தை புரியாது. ஆனால் கேட்போம், ஏனென்றால் அடுத்து 7.15 வரப்போகிறது, நடுவில் அணைத்தால் மறுபடி வால்வு சூடாக வேண்டும். சம்ஸ்கிருதச் செய்தி 1974-ல் ஆரம்பித்தது. "இயம் ஆகாஷவாணி, சம்ப்ரதி வார்தாஹா ஷ்ரூயந்தாம்" என்று வாசிப்பவர் தொடங்கும்போது நாங்களும் கூடவே சொல்வோம், முடியும்போது "இதி வார்தாஹா" என்பதையும் சொல்வோம். இடையில் இருந்ததில் பிரதமர் பெயர் மட்டும் பிடிபடும். அந்த நாளைய ஞாயிறு எப்படி ஓடியது என்பதற்கு இதுவே நல்ல உதாரணம்: நமக்கு வேண்டியது வரும்வரை வேண்டாததையும் கேட்டாக வேண்டும், கேட்கக் கேட்க அதில் ஒரு பகுதி ஒட்டிக்கொள்ளும்.

"தமிழ்ச் செய்தி ஏன் டெல்லிலேர்ந்து? தமிழ்நாட்டுலேயே வாசிக்க மாட்டாங்களா?"

இரண்டும் உண்டு. நாட்டுச் செய்தி டெல்லியில் உள்ள செய்திப் பிரிவில் ஆங்கிலத்தில் தயாராகும், அங்கேயே ஒவ்வொரு மொழிக்காரரும் மொழிபெயர்த்து வாசிப்பார்கள், அதை மாநில நிலையங்கள் வாங்கி அப்படியே மறு ஒலிபரப்பு செய்யும். மாநிலச் செய்தி இங்கேயே தயாராகும்.

டெல்லி வாசிப்பாளர்கள் சினிமா நட்சத்திரங்கள் மாதிரி, முகம் மட்டும் தெரியாது. "ஆகாசவாணி, செய்திகள், வாசிப்பது சரோஜ் நாராயணசாமி" என்பதை அதே ஏற்ற இறக்கத்தோடு சொல்லத் தெரியாத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. 2022-ல் அவர் காலமானபோது செய்தி வந்த நிமிஷம் எனக்கு மூன்று போன் வந்தது, மூன்று பேரும் அந்த ஒரு வரியைத்தான் சொல்லிக்காட்டினார்கள். நாடக நடிகர் பூர்ணம் விசுவநாதனும் ஒரு காலத்தில் டெல்லியில் தமிழ்ச் செய்தி வாசித்தவரே.

"ஒலிச்சித்திரம்னா என்ன? படத்தைக் காதால பாக்கறதா?"

அதேதான். ஒரு சினிமாவின் ஒலியை மட்டும் எடுத்து, வசனமும் பாட்டுமாகச் சுமார் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி ஒலிபரப்புவார்கள். ஞாயிறு மதியம் ஊரே அதற்காக அடங்கும். எங்கள் வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் முறத்தோடும் அரிசியோடும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், கை கல் பொறுக்கும், காது ரேடியோவில் இருக்கும்.

வசனப் படம் என்றால் கவலை இல்லை, புராணப் படமும் குடும்பப் படமும் அப்படியே வந்துவிடும். சண்டைப் படம்தான் கஷ்டம். இரண்டு நிமிஷத்துக்கு வெறும் அடி உதை சத்தம் கேட்கும், ஒருவர் "ஆ" என்பார், அது கதாநாயகனா வில்லனா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடக்கும், அதற்குள் அடுத்த காட்சி பாதி ஓடிவிடும். பேசாமல் கண்ணாலேயே முடிவெடுக்கும் காட்சிகளில் மொத்தக் கூட்டமும் குழம்பும். அப்போது என் அத்தைதான் எங்களுக்கு விளக்கவுரை, அவர் டூரிங் டாக்கீசில் படத்தை ஏற்கெனவே பார்த்தவர். பல படங்களை நான் முதலில் கேட்டு, வருஷங்கள் கழித்துப் பார்த்தேன். ஒன்றிரண்டில் எனக்கு ஏமாற்றம், நான் மனதில் கட்டியிருந்த அரண்மனை இன்னும் பெரியது.

"அப்ப ரேடியோ நாடகமும் இதுவும் ஒண்ணுதானா?"

இல்லை, எனக்கு நாடகம்தான் உசத்தி. ஒலிச்சித்திரம் கண்ணுக்காக எடுத்ததை வெட்டித் தருவது. நாடகம் காதுக்காகவே எழுதுவது. கதவு திறப்பது, மழை, காலடி என ஒவ்வொன்றுக்கும் சத்தம் வைத்திருப்பார்கள். குதிரைக்குக் கொட்டாங்கச்சி, இடிக்குத் தகரத் தகடு. ரேடியோ நாடக நடிகர்களுக்கு ஒப்பனை கிடையாது, வயது தெரியாது, அறுபது வயதுக்காரர் இருபதாகப் பேசலாம். சுகி சுப்பிரமணியம், கூத்தபிரான் போன்றவர்கள் இதிலேயே வாழ்நாளைக் கொடுத்தவர்கள். அகில இந்திய நாடகம் என்று ஒரு மொழியின் நாடகத்தை எல்லா மொழிகளிலும் மொழிபெயர்த்துப் போடுவார்கள், மராத்தி, வங்காளக் குடும்பச் சண்டைகள் எங்களுக்கு அப்படித்தான் அறிமுகம்.

"சின்னப் பசங்களுக்கு ஏதாச்சும் உண்டா, இல்ல எல்லாம் பெரியவங்க விஷயமா?"

ஞாயிற்றுக்கிழமை சிறுவர் நிகழ்ச்சி கட்டாயம் உண்டு. சென்னையில் 'பாப்பா மலர்', அதை நடத்துபவர் 'வானொலி அண்ணா'. மேலே சொன்ன கூத்தபிரானைப் பல தலைமுறைப் பிள்ளைகள் அந்தப் பெயரில்தான் அறிவார்கள். வயது ஏறினாலும் அவர் அண்ணாதான், வானொலித் தாத்தா ஆகவே இல்லை.

எங்கள் பள்ளியிலிருந்து ஒருமுறை திருச்சி நிலையத்துக்கு ஆறு பேரை வேனில் அழைத்துப்போனார்கள். கனமான கதவு, உள்ளே போய்ச் சாத்தியதும் காது அடைத்தாற்போல ஓர் அமைதி, சுவரெல்லாம் ஓட்டை ஓட்டையாகப் பலகை, மேஜைமேல் பச்சைத் துணி. பேப்பரைப் புரட்டினால் அந்தச் சரசரப்பு மைக்கில் ஏறும் என்று ஒவ்வொரு தாளையும் தனித்தனியாகக் கையில் கொடுத்து, படித்து முடித்ததைத் தூக்கி ஓசையில்லாமல் பக்கத்தில் வைக்கச் சொன்னார்கள். சிவப்பு விளக்கு எரிந்ததும் எனக்கு எச்சில் வற்றிவிட்டது. நான் சொன்னது நாலு வரி விடுகதை. ஊரில் எல்லோரும் கேட்டதாகச் சொன்னார்கள், என் குரல் என்று ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

"உரை, கலந்துரையாடல்னு பேசிட்டே இருந்தா போரடிக்காதா?"

அடிக்கும், மறைப்பானேன். வாய்க்குள் கல்லைப் போட்டுக்கொண்டு படிப்பதுபோல எழுதியதை அப்படியே ஒப்பிக்கும் பேராசிரியர்களும் இருந்தார்கள். உரையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாக வேண்டும், பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷம், ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்து, பிறகு காசோலை. எழுதிய தாளுக்கு வெளியே போக முடியாது என்பதால் பலருக்கு உயிர் போய்விடும்.

ஆனால் நிலையத்துக்குள் இருந்த எழுத்தாளர்கள் யாரென்று பாருங்கள். அகிலன் சென்னை நிலையத்தில் வேலை பார்த்தார், மீ. ப. சோமு திருச்சியிலும் சென்னையிலும், தி. ஜானகிராமன் சென்னையில் கல்வி ஒலிபரப்பில் இருந்து பிறகு டெல்லிக்குப் போனார். மொழி தெரிந்தவர்கள் மேற்பார்த்ததால் சாதாரண அறிவிப்பில்கூட ஒரு பிசிறு இருக்காது. பின்னால் 1988-ல் தென்கச்சி கோ. சுவாமிநாதன் 'இன்று ஒரு தகவல்' தொடங்கியபோது, போரடிக்கும் என்று சொன்ன அதே ஆட்கள் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சில நிமிஷம்தான், பக்கத்து வீட்டுக்காரர் பேசுகிற மாதிரி ஒரு விஷயம், கடைசியில் ஒரு நகைச்சுவைக் கதை, சிரிக்காமல் அவர் சொல்ல நாம் சிரிப்போம்.

"விவசாய நிகழ்ச்சியெல்லாம் நிஜமாவே யாராவது கேட்டாங்களா? சும்மா கடமைக்குத்தானே?"

டெல்டாவில் வந்து இப்படிக் கேட்டால் அடி விழும். 1960-களின் கடைசியில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் தஞ்சை மாவட்டத்தில் பரவியது. திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் சொன்னதால் விவசாயிகள் அந்த ரகத்துக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். விதைக்கடையில் போய் "ரேடியோ நெல் இருக்கா" என்று கேட்பது வழக்கமான பேச்சு.

வீட்டில் ரேடியோ இல்லாதவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. ஒரு சின்ன அறைக்குள் பெட்டி, வெளியே கம்பத்தில் குழாய் ஒலிபெருக்கி. சாவி ஒருவரிடம் இருக்கும், சாயங்காலம் அவர் வந்து திறந்தால்தான் ஊருக்கு உலகம். அவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு நெல் விலையும் கிடையாது, நாடகமும் கிடையாது.

"ரேடியோ கேக்க லைசென்ஸ் வேணுமா? கதை விடாதீங்க."

கதை இல்லை. தபால் ஆபீசில் பணம் கட்டி வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், வீட்டு ரேடியோவுக்கு வருஷம் 15 ரூபாய். பாஸ்புக் மாதிரி ஒரு சின்னப் புத்தகம், அதில் முத்திரை வில்லை ஒட்டிக் கொடுப்பார்கள். கட்டாமல் விட்டால் அபராதம். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று வதந்தி கிளம்பினால் சில வீடுகளில் பெட்டி நெல் குதிருக்குள் போய்விடும். 1980-களில் அந்த லைசென்சையே எடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டுப் புத்தகம் இன்னும் பீரோவில் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன்.

"எல்லாரும் சிலோன் ரேடியோதான் கேட்டோம்னு சொல்றாங்களே. நீங்க மட்டும் என்ன ஆகாசவாணி?"

இருவரும் சொல்வது உண்மைதான். பாட்டுக்குச் சிலோன், செய்திக்கும் பேச்சுக்கும் ஆகாசவாணி. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் சினிமாப் பாட்டுக்கு ஆகாசவாணியில் இடம் வேண்டாம் என்று நினைத்தவர். அவர் கதவைச் சாத்தச் சாத்த, கேட்பவர்கள் இலங்கைப் பக்கம் திரும்பிவிட்டார்கள். 1957-ல் ஆகாசவாணியே பாட்டுக்காக விவித பாரதி என்ற சேவையை ஆரம்பித்தும், 1969-ல் சென்னையில் விளம்பரங்களோடு வர்த்தக ஒலிபரப்பு வந்தும்கூட அந்தப் பழக்கம் முழுதாக மாறவில்லை. எங்களுக்கோ நடுவில் வெறும் கடல், சிலோன் பக்கத்து வீடு மாதிரி கேட்கும். மயில்வாகனம், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர் பெயரைச் சொல்லி ரசிகர் மன்றம் வைக்காத குறை.

எங்கள் வீட்டில் இதற்கு ஓர் எழுதாத ஒப்பந்தம் இருந்தது. தாத்தா குளிக்கப் போகும் இருபது நிமிஷம் சிலோன், அவர் தலை துவட்டும் சத்தம் கேட்டால் முள் திருச்சிக்குத் திரும்பிவிடும்.

"கிரிக்கெட்டை ரேடியோவில் எப்படிக் கேக்க முடியும்? ஒண்ணும் புரியாதே."

சேப்பாக்கத்தில் பொங்கல் சமயத்து டெஸ்ட் என்றால் தமிழிலேயே வர்ணனை வரும். அப்துல் ஜப்பார் பேசினால் பந்து போகிற பாதை கண்முன் கோடு போடும். கூத்தபிரானும் தமிழில் வர்ணனை செய்தவர், ஆமாம், அதே வானொலி அண்ணாதான். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் வானம் எப்படி இருக்கிறது, கூட்டம் என்ன செய்கிறது என்று எல்லாம் சொல்வார்கள். ஸ்கோரைக் கரிக்கட்டியால் சுவரில் எழுதி அம்மாவிடம் வாங்கிய அடியை இங்கே விவரிக்கப் போவதில்லை.

"ராத்திரியானா தூரத்து ஸ்டேஷன்லாம் கிடைக்கும்னு தாத்தா சொல்வார். அது எப்படி?"

மீடியம் வேவ் அலைகளைப் பகலில் வளிமண்டலத்தின் மேலே உள்ள ஒரு அடுக்கு உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோகும், அலைகள் இன்னும் உயரே போய் அங்கிருந்து தெறித்துப் பல நூறு கிலோமீட்டர் தள்ளி வந்து விழும். அதனால்தான் ராத்திரி தெலுங்கும் கன்னடமும் திடீரென்று திருச்சியின்மேல் ஏறிக்கொள்ளும், ஒரு குரல் அமுங்கி இன்னொன்று எழும்பும். லண்டன் பிபிசி தமிழோசையை நாங்கள் கேட்டது மட்டும் ஷார்ட் வேவில், அது பகலோ இரவோ கடல் தாண்டும். 1941-ல் தொடங்கிய அந்த வானொலிச் சேவை 2017-ல் நின்றது.

"எல்லாம் சரி. அரசாங்க ரேடியோதானே, அவங்க சொன்னதை அப்படியே நம்பினீங்களா?"

இல்லை. நெருக்கடி நிலை வந்ததை 1975 ஜூன் 26 காலையில் இந்திரா காந்தி ஆகாசவாணியில்தான் அறிவித்தார். அதன்பிறகு செய்தியில் யார் கைதானார்கள் என்று வரவில்லை, ரயில் நேரத்துக்கு ஓடுகிறது என்று வந்தது. எது வரவில்லை என்பதைக் கவனிக்க எங்கள் தாத்தா பழகிக்கொண்டார், இரவில் தமிழோசையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். 1984 அக்டோபர் 31 அன்றும் இந்திரா காந்தி சுடப்பட்டு இறந்ததை பிபிசி மதியமே சொல்லிவிட்டது, ஆகாசவாணி சாயங்காலம்தான் சொன்னது. அன்றைக்கு இடைப்பட்ட நேரத்தில் சோக இசை வாசித்தார்கள், அதிலேயே ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

நெல் விலைக்கும், புயல் எச்சரிக்கைக்கும் நம்பினோம். அரசியலைச் சந்தேகத்தோடு கேட்டோம்.

"இவ்வளவு நல்லா இருந்தா ஏன் நின்னுபோச்சு?"

ரேடியோ நிற்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைதான் கைமாறியது. சென்னையில் தொலைக்காட்சி 1975-லேயே வந்துவிட்டாலும் எங்களுக்கு அது எட்டாது. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும் கடலோரத்து வீடுகளில் தென்னை உயரத்துக்கு ஆண்டெனா முளைத்தது. 1987 ஜனவரியில் ஞாயிறு காலை ராமாயணத் தொடர் தூர்தர்ஷனில் ஆரம்பித்ததும், மொழி புரியாதவர்கள்கூட அந்த நேரத்தில் டிவி இருக்கும் வீட்டில் போய் உட்கார்ந்தார்கள். சம்ஸ்கிருதச் செய்திக்குச் சொன்னேனே, அதே காது, இப்போது கண்ணும் சேர்ந்துகொண்டது. ஒலிச்சித்திரம் கேட்க முறத்தோடு வந்த கூட்டம் ஞாயிறு சாயங்காலப் படத்துக்குப் போய்விட்டது.

"இப்ப பாட்காஸ்ட் இருக்கே, அதுவும் இதேதானே?"

தரத்தில் எவ்வளவோ மேல், நானும் தினம் கேட்கிறேன். ஆனால் நான் தேர்ந்தெடுத்ததை மட்டும் கேட்கிறேன். பத்து வயதில் எனக்குப் பூச்சிமருந்து அளவும், முசிரி சுப்பிரமணிய ஐயரின் சங்கீதமும், வங்காள நாடகமும் தெரிந்ததற்கு என் ஆர்வம் காரணமில்லை, குமிழ் தாத்தாவிடம் இருந்தது. அது நல்லதா கெட்டதா என்று என் மகள் கேட்டாள். பாதி நேரம் எரிச்சலாக இருந்தது என்பதையும் அவளிடம் சொன்னேன்.

"அந்தப் பழைய நிகழ்ச்சிகளை இப்ப எங்க கேக்கலாம்?"

பெரும்பாலானதைக் கேட்க முடியாது. பல நிகழ்ச்சிகள் நேரடியாகப் போனவை. பதிவு செய்தவற்றிலும் டேப் விலை காரணமாக அதே டேப்பில் அழித்து அழித்துப் பதிந்தார்கள். பெரிய வித்வான்களின் கச்சேரிகள் ஆவணக் காப்பகத்தில் தப்பித்தன, ஞாயிறு நாடகமும் சிறுவர் நிகழ்ச்சியும் அந்த அளவுக்குத் தப்பவில்லை. தென்கச்சியாரின் தகவல்கள் ஒலிநாடாவாக வந்ததால் நிறையக் கிடைக்கின்றன. இன்றைய ஆகாசவாணியைக் கேட்க 'நியூஸ் ஆன் ஏர்' செயலி போதும், திருச்சியும் சென்னையும் அதில் இரையாமலே வரும்.

"பரண்ல தாத்தாவோட வால்வு ரேடியோ கிடக்கு. பிளக்கைச் சொருகினா பாடுமா?"

தயவுசெய்து சொருகாதீர்கள். முப்பது வருஷம் சும்மா கிடந்த பெட்டியில் கெபாசிட்டர்கள் கெட்டுப்போயிருக்கும், நேரடியாக மின்சாரம் கொடுத்தால் புகை வரும், டிரான்ஸ்பார்மரும் போகலாம். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும், கையை விடாதீர்கள். பழைய ரேடியோ மெக்கானிக் யாராவது ஊரில் மிச்சமிருந்தால் அவரிடம் கொடுத்துக் கெபாசிட்டரை மாற்றச் சொல்லுங்கள், வால்வை உடைக்காமல் எடுத்துப்போங்கள். பின்பக்க அட்டையைக் கழற்றும்போது பல்லி முட்டை இருக்கும், எங்களுடையதில் ஒன்பது இருந்தது.